லட்லமைட் என்ற இரும்பு பாஸ்பேட் ஏன் ஒரு சில சுரங்கங்களில் மட்டும் கிடைக்கிறது?

இரும்பும் பாஸ்பரஸும் பூமியில் தாராளமாக இருக்கும்போது லட்லமைட் மட்டும் ஏன் அபூர்வம் என்று கேட்டிருக்கிறீர்கள். கல் சேர்ப்பவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

என்னிடம் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு துண்டு இருக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், பழுப்பு சிடரைட்டின் (இரும்புக் கார்பனேட் கனிமம்) மேல் ஆப்பு வடிவப் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். கண்ணாடிப் பளபளப்புடன் இளம்பச்சை நிறம். இதன் நெருங்கிய உறவான விவியனைட் ஒன்றும் வைத்திருந்தேன். வாங்கியபோது ஒளி ஊடுருவும் பச்சை. ஜன்னலோரம் வைத்துவிட்டேன், சில மாதங்களில் கருநீலமாகிவிட்டது. அதிலுள்ள இரும்பில் ஒரு பகுதி ஃபெரஸ் நிலையிலிருந்து (இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு) ஃபெரிக் நிலைக்கு (மூன்று இழந்த இரும்பு) மாறியதுதான் காரணம்.

உங்கள் கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. இரண்டுமே ஃபெரஸ் இரும்பின் பாஸ்பேட்டுகள். மூன்று இரும்புக்கு விவியனைட்டில் எட்டு நீர் மூலக்கூறு, லட்லமைட்டில் நான்கு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக்சிஜன் நுழைந்தால் இரும்பு ஃபெரிக்காகி, துருவாகவோ வேறு பாஸ்பேட்டாகவோ போய்விடும். எனவே காற்று எட்டாத இடம் வேண்டும், அங்கே பாஸ்பேட்டும் வந்து சேர வேண்டும். விவியனைட்டுக்கு ஏரிச் சேறும் புதைந்த எலும்பும்கூடப் போதும். லட்லமைட் அப்படியில்லை, பெரும்பாலும் தாதுப் பிளவுகளிலும் பெரிய படிகங்களாக உறைந்த பெக்மடைட் பாறைகளிலும்தான் தென்படுகிறது.

இது முதலில் அடையாளம் காணப்பட்டது இங்கிலாந்தின் கார்ன்வாலில், ட்ரூரோ அருகேயுள்ள வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கத்தில். 1877-இல் புதிய கனிமமாக விவரித்து, ஹென்றி லட்லம் என்ற சேகரிப்பாளரின் பெயரை வைத்தார்கள். 'வீல்' என்றால் கார்ன்வால் மொழியில் சுரங்கம் என்றே பொருள்.

அதே சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. நீரை இறைப்பதை நிறுத்தியதும் உள்ளே வெள்ளம் ஏறியது. பைரைட் (இரும்பு சல்பைடு) போன்ற தாதுக்கள் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து உண்டான அமில நீர், 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு வெளியேறி, கார்னன் ஆற்றையும் அது சேரும் கழிமுகத்தையும் ஆரஞ்சு நிறமாக்கியது. அந்த நிறம் ஃபெரிக் இரும்புடையது. அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

சரி, வாங்க விரும்பினால் வீல் ஜேன் துண்டுகளைத் தேடி அலைய வேண்டாம். பொலிவியாவின் உவானுனி, மெக்சிகோவின் சான் அந்தோனியோ, அமெரிக்காவில் ஐடஹோவின் பிளாக்பேர்ட் ஆகிய சுரங்கங்களின் மாதிரிகளைக் கேளுங்கள். கூடவே விவியனைட்டும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் மூடிய பெட்டியில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.