காதில் சொல்லும் மகளும் ஜர்னலிசம் வகுப்பும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். மகள் இங்கே அரசு நடத்தும் பப்ளிக் மிடில் ஸ்கூலில் ஆறாம் வகுப்பு. ஏழாம் வகுப்புக்கு எந்த எலெக்டிவ் (விருப்பப் பாடம்) வேண்டும் என்று படிவம் வந்திருக்கிறது. கோடிங் எடுப்பாள் என்று நினைத்தோம். அவள் ஜர்னலிசத்துக்கு டிக் அடித்துவிட்டு வந்து நிற்கிறாள். ஹோட்டலில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் காதில்தான் சொல்வாள். நான்தான் சர்வரிடம் கேட்பேன். இவள் எப்படிப் பேட்டி எடுப்பாள்? ஒரு வருடம் வீண் என்கிறார் என் கணவர். அவருடைய டீம் லீடின் மகன் ஏழாம் வகுப்பிலேயே பைத்தான் நிரல்மொழியை முடித்துவிட்டானாம். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் கேட்டதற்கு ஒருத்தி ‘ஈஸி கிரேடு, எடுக்கட்டும்’ என்றாள். இன்னொருத்தி ‘காலேஜுக்கு உதவாது’ என்றாள். பாளையங்கோட்டையிலிருந்து மாமனார், ‘பத்திரிகைக்காரியாகி யார் வம்பை விலைக்கு வாங்கப் போகிறாள்?’ என்கிறார். எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. அவள் பள்ளியைப் பற்றி ஏதாவது எழுதி, அதனால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், ஃப்ரீமாண்ட்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

சென்னையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் பதினாறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் பேனாவோடு படிக்கும் வியாதி இன்னும் போகவில்லை. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். அதில் கணவர் பேசுகிறார், வாட்ஸப் தோழிகள் இருவர் பேசுகிறார்கள், மாமனார் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். பைத்தான் முடித்த பையன்கூட ஒரு வரி வந்து போகிறான். விஷயமே யாரைப் பற்றியதோ அந்தப் பெண் மட்டும் வாயே திறக்கவில்லை. அவளுக்கு அந்த வகுப்பு ஏன் வேண்டுமாம்? கடிதத்தில் இல்லை. எங்கள் டெஸ்க்குக்கு இப்படி ஒரு செய்தி எழுதி வந்திருந்தால் ‘சம்பந்தப்பட்டவரிடம் பேசினாயா?’ என்று ஓரத்தில் கிறுக்கி நிருபரிடமே திருப்பி அனுப்பியிருப்போம்.

சரி, தேதி நெருங்குகிறது, திருப்பி அனுப்ப நேரமில்லை. வகுப்பை எடுக்கட்டும் என்பதுதான் என் பதில்.

முதலில் காலேஜ் கவலையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். அமெரிக்கக் கல்லூரிகள் பார்ப்பது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையிலான மதிப்பெண்களை. நம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரியைக் கணக்கிடுவதற்கு ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஏழிலும் எட்டிலும் படிக்கும் உயர்நிலைக் கணக்கும் வேற்றுமொழியும் சேர்க்கைக்கான பாடத் தேவையில் சேரும். மற்ற எலெக்டிவ்களை அங்கே யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அதனால் ஏழாம் வகுப்பு கோடிங் ‘உதவும்’, ஜர்னலிசம் ‘உதவாது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டும் அந்த வகையில் ஒன்றுதான். எந்த நிலைக் கணக்கு வகுப்பில் அவள் இருக்கிறாள் என்பதை வேண்டுமானால் கவனியுங்கள். அது வேறு படிவம்.

‘ஈஸி கிரேடு’ என்று சொன்ன தோழிக்கு அந்த வகுப்பு எப்படி நடக்கும் என்று தெரியாது என்று நினைக்கிறேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளோடு ஆரம்பிப்பார்கள். அப்புறம் முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லி, போகப் போக முக்கியம் குறைந்ததை வைக்கும் தலைகீழ் பிரமிட். பள்ளியில் அதுவரை முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது தலையில் நிற்பது மாதிரி இருக்கும். முன்னுரை கிடையாது, முடிவுரை கிடையாது. இடம் போதாவிட்டால் எடிட்டர் அடியிலிருந்து வெட்டுவார், வெட்டினாலும் செய்தி நிற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. ‘மதியச் சாப்பாட்டு வரிசை ரொம்ப நீளம்’ என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்தால் நல்ல ஆசிரியர் அதை வாங்க மாட்டார். எவ்வளவு நீளம்? எந்தக் கிழமை? வரிசையின் கடைசியில் நிற்கிறவனுக்குச் சாப்பிட எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? பரிமாறுகிறவர் என்ன சொல்கிறார்? அந்தப் பிள்ளை கைக்கடிகாரத்தோடு மூன்று நாள் போய் நிற்க வேண்டும். நின்று எண்ணிய பிறகு வரிசை அவ்வளவு ஒன்றும் நீளமில்லை என்று தெரியவும் வாய்ப்புண்டு. அப்போது தலைப்பையே மாற்ற வேண்டும். உங்கள் கணவர் ஆபீஸில் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று புகார் வந்தால் செய்கிற வேலையும் இதுதானே?

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். டீம் லீட் மகன் பைத்தான் ‘முடித்துவிட்டானாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் இந்த ‘ஆம்’ ரொம்ப வசதியான விகுதி. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பொய்யாக இருந்தால் என்னைக் கேட்காதே என்ற மூன்றையும் ஒரே அசையில் சொல்லிவிடும். ஜர்னலிசம் வகுப்பில் அந்த ‘ஆம்’ செல்லாது. யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்பார்கள். முடித்தான் என்றால் எதை முடித்தான்? ஒரு கோர்ஸையா, ஒரு புத்தகத்தையா? ஒரு நிரல்மொழியை யாராவது முடிக்க முடியுமா என்று அந்தத் துறையில் இருக்கும் உங்கள் கணவரே சொல்லட்டும். ஒரு வருடம் கழித்து உங்கள் மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதே கேள்விகளை உங்கள் இருவரையும் கேட்பாள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அவளுடைய கூச்சத்துக்கு வருகிறேன். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் நிருபராக முடியாது என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்த நல்ல நிருபர்களில் பாதிப் பேர் கல்யாண வீட்டில் தூணுக்குப் பின்னால் நிற்கிற ரகம். கலகலப்பாகப் பேசுகிறவர்கள் பேட்டிக்குப் போனால் பாதி நேரம் அவர்களே பேசிவிட்டு வருவார்கள். கூச்சமுள்ளவருக்குக் கேட்கத் தெரியும். சும்மா ஒருவரிடம் போய் நிற்பதுதான் அவருக்குக் கஷ்டம். கையில் ஒரு நோட்டும், எழுதி வைத்த ஐந்து கேள்வியும், ‘பள்ளிப் பத்திரிகைக்காக வந்திருக்கிறேன்’ என்று சொல்ல ஒரு வாக்கியமும் கொடுத்துப் பாருங்கள். போய் நிற்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று பதில் வருகிற கேள்விகளை அடிக்கச் சொல்லி, ‘எப்படி’, ‘ஏன்’ என்று மாற்றி எழுதச் சொல்வார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் சொல்லித் தருவார்கள். எதிரே இருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் பேச ஆரம்பித்துவிடுவார். உங்கள் மகளுக்குச் சும்மா இருக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதில் அவள் பாதி தேறிவிட்டாள்.

பேட்டியில் முதலில் கேட்க வேண்டியது, ‘உங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்’ என்பது. உங்கள் மகளின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்கள் வருகைப் பதிவில் படும் பாடு தெரியும். தினமும் தன் பெயரைத் தப்பாகக் கேட்டு, திருத்தக் கூச்சப்பட்டு, பேசாமல் கையைத் தூக்குகிற பிள்ளை, இன்னொருவர் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரியாக எழுதும். அப்புறம் கட்டுரைக்கு மேலே தன் பெயரை அச்சில் பார்க்கும். அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி உங்களுக்கு ஓர் எச்சரிக்கை, என் சொந்த அவமானத்திலிருந்து. என் மகனும் ஏழாம் வகுப்பில் இதே மாதிரி ஒரு வகுப்பு எடுத்தான். கேஃபடேரியாவில் பரிமாறும் அம்மாவைப் பேட்டி எடுத்து வந்தான். இந்த வேலை ஏன் பிடிக்கிறது என்று கேட்டதற்கு, ‘மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தான். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ‘கொஞ்சம் மெருகேற்றித் தருகிறேன்’ என்று வாங்கி, ‘குழந்தைகளின் புன்னகைதான் எனக்குச் சம்பளம்’ என்று மாற்றிவிட்டேன். அச்சாகி வந்தது. அந்த அம்மா அவனைக் கூப்பிட்டு, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே தம்பி, எனக்குச் சம்பளம்தான் சம்பளம்’ என்றிருக்கிறார். அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள். அவன் பெயர் போட்டு வந்த முதல் கட்டுரைக்கே திருத்தம், அதுவும் பதினாறு வருட உதவி ஆசிரியரின் கைவண்ணத்தால். இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

அதனால் அவள் கட்டுரையைத் தொடாதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், அங்கே அதைப் பார்க்க எடிட்டராக இன்னொரு பிள்ளை இருக்கும். ஏஐ சாட்பாட்டிடம் கொடுத்து மெருகேற்றவும் விடாதீர்கள். அதுவும் என்னை மாதிரிதான், யாரும் சொல்லாத அழகான மேற்கோள்களைச் சொன்னதாகவே எழுதிவிடும்.

மாமனார் சொன்ன ‘வம்பு’ விஷயம் கொஞ்சம் நீளமானது. இந்த நாட்டில் மாணவர் பேச்சுரிமை பற்றிய பெரிய வழக்கு ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணிடமிருந்து வந்தது. 1965 டிசம்பரில், அயோவா மாநிலம் டெ மாய்ன் நகரில், வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள் மேரி பெத் டிங்கர். அப்போது அவளுக்கு வயது 13. பள்ளி சஸ்பெண்ட் செய்தது. 1969இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1988இல் காற்று மாறியது. மிசூரியில் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளிப் பத்திரிகையில், மாணவிகளின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் விவாகரத்து பற்றியும் கட்டுரைகள் வந்த இரண்டு பக்கங்களை முதல்வர் எடுத்துவிட்டார். பள்ளி நடத்தும் பத்திரிகையில் தகுந்த கல்விக் காரணம் இருந்தால் அப்படிச் செய்யலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பது நல்லதாகப் போயிற்று. இங்கே 1977 முதலே மாணவர் பத்திரிகைகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஆபாசம், அவதூறு, பள்ளியில் கலவரத்தைத் தூண்டுவது ஆகியவை கூடாது. மற்றபடி பப்ளிக் ஸ்கூல் ஒரு கட்டுரையைத் தடுக்க வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டியது பள்ளிதான். மாணவருக்காக நிற்கும் ஆசிரியரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் 2009இலிருந்து சட்டம். இதே போன்ற சட்டம் உள்ள கான்சஸில் 2017இல் ஒன்று நடந்தது. பிட்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், புதிதாக நியமிக்கப்பட்ட முதல்வரின் பட்டங்களைச் சரிபார்க்கப் போய், சில கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் அதை அப்படியே எழுதினார்கள். சில நாளிலேயே அவர் பதவியிலிருந்து விலகிவிட்டார். இதை மாமனாரிடம் சொல்ல வேண்டாம், தூக்கம் போய்விடும். அவருக்குப் பாரதியார் பிடிக்குமென்றால், 1904இல் மதுரையில் தமிழாசிரியர் வேலையை விட்டுப் பாரதி சேர்ந்தது சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியராகத்தான் என்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

கிரீன் கார்டு பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். நான் வக்கீல் இல்லை, அதில் எனக்குத் தெரிந்ததாகப் பேசவும் கூடாது. உங்கள் இமிக்ரேஷன் வக்கீல் யாரோ அவரிடம் கேளுங்கள். என் கைக்கு எட்டுகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். இப்போது பள்ளிப் பத்திரிகை பெரும்பாலும் இணையத்திலும் வருகிறது, அங்கே போன பெயரும் படமும் லேசில் போகாது. ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி தரும் படம், பெயர் வெளியிடும் சம்மதப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் பெயர் மட்டும் போட முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டு விஷயம், விசா விஷயம் யாருடையதானாலும் அவர்கள் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது என்று அவளிடமும் சொல்லி வையுங்கள். எந்த எடிட்டரும் அதைத்தான் சொல்வார்.

ஆசிரியரைப் பார்க்கும்போது இன்னொன்றும் விசாரியுங்கள். சில பள்ளிகளில் ஜர்னலிசம் என்ற பெயரில் இயர்புக் என்ற பள்ளி ஆண்டுப் படத்தொகுப்பு மட்டும் செய்கிறார்கள், சில இடங்களில் காலை அறிவிப்பு வீடியோ. அவையும் மோசமில்லை. ஆனால் உங்கள் மகள் நினைத்திருப்பது வேறாக இருந்து, அங்கே போய் வருடம் முழுக்க புகைப்படம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவாள். வேறு எலெக்டிவில் இடமில்லாமல் இங்கே வந்து விழுந்த பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். குழு வேலை என்றால் அமைதியான பிள்ளை தலையில் எல்லாம் விழும். அது நடந்தால் அவளே ஆசிரியரிடம் போய்ச் சொல்லட்டும், நீங்கள் மின்னஞ்சல் எழுதாதீர்கள்.

அடுத்த தடவை ஹோட்டலுக்குப் போகும்போது அவள் உங்கள் காதில் சொன்னால், சர்வர் பக்கம் திரும்பாமல் மெனு கார்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். தாகம் எடுத்தால் கேட்பாள்.

ஆனால் அதற்கு முன்னால், இன்று ராத்திரி, இந்தக் கடிதத்தில் விட்டுப்போன பேட்டியை எடுத்துவிடுங்கள். ‘ஜர்னலிசம் உனக்குப் பிடிக்குமா?’ என்று கேட்காதீர்கள், ‘ம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ‘அந்தக் கட்டத்துல டிக் அடிக்கும்போது என்ன நினைச்சே?’ என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அதற்குள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடாதீர்கள்.