சுவரில் யார் படம் என்று முதலில் பார்

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள். நர்சிங் முடித்துவிட்டு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அடுத்த மாதம் இஸ்ரேல் வருகிறாளாம். சம்பளம் கையில் எவ்வளவு நிற்கும், குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா, ஹீப்ரு எத்தனை மாதத்தில் வரும் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருக்கிறாள்: "வகுப்பில் பென் குரியன், கோல்டா மேயர் என்று அந்த நாட்டின் பழைய பிரதமர்கள், பெரிய ஆட்களின் பட்டியல் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள் அக்கா. அது எதற்கு? அங்கே ஆட்கள் எப்படி?"

மக்ளே, சம்பளமும் குளிரும் சோறும் வந்த ஒரு மாதத்தில் உனக்கே பிடிபட்டுவிடும். அரிசி எல்லாக் கடையிலும் இருக்கிறது. இறைச்சிப் பாத்திரத்தையும் பால் பாத்திரத்தையும் கலக்காதே, அது போதும். நான் சொல்ல வேண்டியது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். அதே மாதிரி ஒன்றை நம்பி வந்து முதல் வாரமே அடிபட்டவள் நான்.

2009 நவம்பரில் வந்தேன். அப்பாவின் ரப்பர் தோட்டத்தை அடகு வைத்து ஏஜென்டுக்கு 6 லட்சம் கொடுத்திருந்தோம். சட்டம் அனுமதிக்கிற தொகையைவிட அது பல மடங்கு என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. பணத்தை எண்ணி வாங்கிய ஆள் விமான நிலையத்துக்குக்கூட வரவில்லை. முதல் வீடு டெல் அவிவை ஒட்டிய ரமத் கானில். தாத்தாவுக்கு 80 வயது, பாக்தாத்தில் பிறந்தவர். மூன்றாம் நாள் காலையில் தேநீரை நீட்டிக்கொண்டே, வகுப்பில் படித்ததை நினைத்து, தெரிந்த நாலு ஹீப்ரு வார்த்தையை ஒட்டவைத்து, "பென் குரியன், பெரிய மனிதர்" என்றேன். தாத்தா தம்ளரை மேசையில் வைத்து என் பக்கமாகத் தள்ளிவிட்டார். அப்புறம் இரண்டு நாள் என் கையால் எதையும் வாங்கவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மகள் போனில்தான் சொன்னார்: "அப்பா முன்னால் அந்தப் பெயரை எடுக்காதே."

தொலைக்காட்சிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. ஒல்லியான முகம், தடித்த கண்ணாடி. யாரோ சொந்தக்காரர் என்று நினைத்திருந்தேன். அது மெனாகெம் பெகின், பென் குரியனின் அரசியல் எதிரி, பின்னால் பிரதமரானவர்.

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள், ஏனென்றால் இந்த ஊரின் பாதி இதற்குள் இருக்கிறது. 1950, 51இல் ஈராக்கிலிருந்து ஏறக்குறைய 1,20,000 யூதர்கள் விமானத்தில் இங்கே வந்தார்கள். ஈராக் அரசு அவர்கள் சொத்தை முடக்கிவிட்டது. பெரியவர்கள் ஆளுக்கு 50 தினார் மட்டும் எடுத்துவரலாம். தாத்தாவின் அப்பாவுக்கு பாக்தாத்தில் துணிக்கடை இருந்ததாம். இங்கே இறங்கியதும் குடும்பம் முழுவதையும் வரிசையில் நிறுத்தி, தலையிலும் சட்டைக்குள்ளும் டி.டி.டி. பூச்சிமருந்துத் தூளை அடித்தார்கள். பிறகு 'மஅபரா' என்னும் இடைக்கால முகாமில் கூடாரம். மழை பெய்தால் உள்ளே சேறு. நாட்டை நடத்தியவர்கள் போலந்திலும் ரஷ்யாவிலும் பிறந்தவர்கள். பிரதமர் பென் குரியன். தாத்தாவுக்கு அந்தத் தூளின் வாசனையும் அந்தப் பெயரும் ஒன்றுதான்.

'பெகினும் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்தானே' என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன், ஹீப்ரு கொஞ்சம் வந்த பிறகு. "அவர் எங்களிடம் பேசினார்" என்றார் தாத்தா. 1977 தேர்தலில் பென் குரியனின் தொழிற்கட்சி முதல்முறையாக ஆட்சியை இழந்தது. பெகினைப் பிரதமராக்கியதில் ஈராக், மொராக்கோ, ஏமன் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் ஓட்டு பெரிய பங்கு. 1992இல் அவர் இறந்தபோது, பிரதமர்களைப் புதைக்கும் ஹெர்சல் குன்றுக்குக் கொண்டுபோகவில்லை. ஆலிவ் மலையில், பைன்ஸ்டைன், பர்சானி என்ற இரண்டு இளைஞர்களுக்குப் பக்கத்தில் புதைக்கும்படி அவரே எழுதி வைத்திருந்தார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிப் பிடிபட்டு, தூக்கில் போடுவதற்கு முன்னால், 1947இல் சிறையிலேயே கையெறிகுண்டை வெடித்துச் சேர்ந்து உயிர்விட்டவர்கள். பைன்ஸ்டைன் ஜெருசலேமில் பிறந்தவர், பர்சானி பாக்தாத்தில். இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா "பாக்தாத்" என்ற சொல்லில் ஒரு நொடி நிற்பார்.

அவருக்கு இன்னொரு பெயர் உயிர். சாலே, தாவூத் அல்-குவைத்தி என்ற அண்ணன் தம்பி. ஒருவர் வயலின், மற்றவர் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம். பாக்தாத் வானொலிக்கு இசைக்குழு அமைத்துக் கொடுத்தவர் சாலே. இங்கே வந்த பிறகு அந்த இருவரும் டெல் அவிவின் ஹத்திக்வா சந்தையில் வீட்டுச் சாமான் கடை நடத்த வேண்டியிருந்தது. அரபுப் பாட்டுக்கு இங்கே மதிப்பில்லை. அங்கே ஈராக்கிலோ பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் பெயரை அழித்துவிட்டார்கள். 2011இல் தாவூதின் பேரன் டுடு டாசா அந்தப் பாட்டுகளைப் புதிதாகப் பாடி வெளியிட்டார். மகள் அதை வாங்கி வந்தார். தாத்தா கட்டிலில் படுத்தபடி, ஒரு விரலால் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கையைச் சுழற்றிக் காட்டினார், மறுபடி போடு என்று. சாப்பாட்டு நேரம் தாண்டியும் நான் நிறுத்தவில்லை.

கோபம் எப்படித் தீர்ந்தது தெரியுமா? சனிக்கிழமை காலையில் அந்த வீட்டில் பொரித்த கத்தரிக்காயும் அவித்த முட்டையும் ரொட்டிக்குள் வைத்து, மேலே மஞ்சளாக ஒரு மாங்காய்க் கூட்டு ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதன் பெயர் அம்பா. முகர்ந்ததுமே வெந்தயம், மஞ்சள், உப்பு மாங்காய். கண் கலங்கிவிட்டது. தாத்தா என்னைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது" என்றார். பம்பாய் வியாபாரத்தோடு பாக்தாத் போய், அங்கிருந்து இங்கே வந்த ஊறுகாய் அது. அன்றைக்குத்தான் "ராஜ் கபூரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள். இந்தியா என்றதும் ராஜ் கபூரைக் கேட்கிற வீடு பெரும்பாலும் பாக்தாத், கசபிளாங்கா, சனா பக்கத்து வீடு. ஜுபின் மேத்தாவைக் கேட்கிற வீடு ஐரோப்பாவிலிருந்து வந்த வீடு. மேத்தா பம்பாய்ப் பார்சி. இஸ்ரேல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை 1977இலிருந்து 2019 வரை நடத்தினார். இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கு எனக்குத் தப்பியது ஓரிரு தடவைதான்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். டெல் அவிவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வார விடுமுறைக்கு அறை எடுத்துப் பத்துப் பேர் தங்குவார்கள். அது தேவைதான், நானும் இருந்திருக்கிறேன். ஆனால் பத்து வருஷம் இருந்தும் 'சாப்பிடு, குளி, மாத்திரை' தவிர ஒரு வார்த்தை ஹீப்ரு தெரியாது, பார்த்துக்கொள்ளும் பாட்டி எந்த நாட்டில் பிறந்தாள் என்றுகூடத் தெரியாது என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 'கிழம்' என்றுதான் பேசுவார்கள். ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ராத்திரி நாலு தடவை எழுப்பித் திருப்பிப் படுக்கவைக்கிறோம். அவர் யார் என்று தெரியாமல் இதை எப்படிச் செய்ய முடிகிறதோ. இன்னொரு கூட்டம், புதிதாக வருகிறவளுக்கு 'நல்ல வீடு பிடித்துத் தருகிறேன்' என்று காசு கேட்கும். நம் ஊர்க்காரர் என்பதற்காக ஒரு ஷெக்கல்கூடக் கொடுக்காதே.

தாத்தா 2012இல் போய்விட்டார். அதன்பிறகு ஹைஃபா. இன்றுவரை அதே வீடு, அதே பாட்டி. இங்கே பாட்டியை 'சவ்தா' என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ருமேனியாவில் இருந்த செர்னோவிட்ஸ் நகரத்தில் 1931இல் பிறந்தவர். பத்து வயதில், இரண்டாம் உலகப்போர் நேரத்தில், யூதர்கள் என்பதால் குடும்பத்தோடு டிரான்ஸ்னிஸ்ட்ரியா முகாம்களுக்கு விரட்டினார்கள். தம்பி அங்கேயே இறந்துவிட்டான். முதல் வாரம் தலையணை உறையைக் கழற்றியபோது ரொட்டித் துண்டு ஒன்று விழுந்தது, காகிதத்தில் சுற்றிக் காய்ந்துபோய். குப்பையில் போட்டுவிட்டேன். அன்று ராத்திரி அவர் தூங்கவே இல்லை. நீ இப்படி எதையாவது பார்த்தால் தொடாதே, மக்ளே. பூஞ்சை பிடித்தால் புதுத் துண்டை வைத்துவிட்டுப் பழையதை எடு. நான் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மாற்றி வைக்கிறேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அவர் தலைமுறை பேசாமலே இருந்த தலைமுறை. வந்த புதிதில், "ஏன் எதிர்த்துச் சண்டை போடவில்லை?" என்று இங்கேயே பிறந்தவர்கள் கேட்டார்களாம். 1961இல் ஜெருசலேமில், யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மன் மீது வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் கிடியோன் ஹவுஸ்னர் நூற்றுக்கும் மேலான சாட்சிகளை வரிசையாக நிறுத்தினார். வானொலியில் எல்லாரும் கேட்டார்கள். சவ்தா அப்போது பள்ளி ஆசிரியை. ஆசிரியர் அறையில் வானொலியைச் சுற்றி நின்றபோது, பக்கத்தில் நின்ற தோழி, "நீயும் அங்கே இருந்தாயா?" என்று முதல்முறையாகக் கேட்டாராம். அதற்கு முன் ஆறு வருஷம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். எழுத்தாளர் அஹரோன் அப்பெல்பெல்டும் அந்த ஊர்ப் பக்கம்தான். சிறுவனாக முகாமிலிருந்து தப்பி, 1946இல் தனியாக வந்து, இங்கே கற்ற மொழியில் அத்தனை நாவல்கள் எழுதினார். 2018 ஜனவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோது, "எங்கள் ஊர்ப் பையன்" என்று மட்டும் சொன்னார் சவ்தா.

இந்த வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருப்பது இட்சாக் ரபின் படம். பாலஸ்தீனத் தலைவர் அரபாத்தோடு கைகுலுக்கிய பிரதமர். 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் சமாதானக் கூட்டம் முடிந்து படியிறங்கி வரும்போது ஒரு யூதனே சுட்டுக் கொன்றான். வருஷாவருஷம் சவ்தா அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார். ரமத் கான் தாத்தா ரபினைப் பற்றிப் பேசினால் வேறு மாதிரி பேசுவார். இரண்டு பேரும் எனக்குச் சொந்தம், இரண்டையும் கேட்டிருக்கிறேன். நீயும் கேள், தலையாட்டாதே, மறுக்காதே.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த நாட்டுக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபுகள். சவ்தாவுக்கு ஊசி போட வரும் நர்ஸும் மருந்துக்கடைக்காரரும் அரபு பேசுபவர்கள்தான். ஹைஃபாவில் எமில் ஹபிபி என்ற அரபு எழுத்தாளர் இருந்தார். 1992இல் இஸ்ரேல் பரிசு வாங்கியவர், பாலஸ்தீனர்களின் விருதும் வாங்கியவர். 'ஹைஃபாவில் தங்கிவிட்டவர்' என்று கல்லறையில் எழுதச் சொன்னார். அந்த இரண்டு வார்த்தைக்குள் இருப்பது, 1948 போரில் அரபுகள் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போனபோது போகாமல் இருந்ததன் பாடு. அந்த நர்ஸ்தான் எனக்கு அதை வாசித்துக் காட்டினாள்.

எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே குடியுரிமை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1950இன் திரும்பிவரும் சட்டம் யூதர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான். நமக்கு 5 வருஷம் 3 மாதம், அதற்கு மேல் அதே முதியவருக்கு நாம் தேவைப்படும்வரை நீட்டிப்பு. 16 வருஷமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். ஆபத்து இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2021இல் அஷ்கெலோனில் ராக்கெட் விழுந்து, நம்மைப் போல வேலை பார்த்த ஒரு மலையாளிச் சகோதரி இறந்தார். 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்டவர்களில் பராமரிப்பாளர்களும் உண்டு. 2025 ஜூனில் ஈரான் ஏவுகணை வந்தபோது, எங்கள் பழைய கட்டடத்தில் பாதுகாப்பு அறை இல்லாததால், சவ்தாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நீ போகும் வீட்டில் 'மமாத்' என்கிற அந்தப் பாதுகாப்பு அறை இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேள்.

ஹீப்ரு எப்படி வரும் என்றாயே. எனக்குப் பாடப்புத்தகம் இருபது ஷெக்கல் நோட்டு. இந்த நாட்டு நோட்டுகளில் இப்போது இருக்கும் நால்வரும் கவிஞர்கள்: இருபதில் ராகேல், ஐம்பதில் செர்னிகோவ்ஸ்கி, நூறில் லேயா கோல்ட்பெர்க், இருநூறில் ஆல்டர்மன். 2017இல் ராகேல் நோட்டு வந்த வாரம், சவ்தா பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, அதில் பொடியாக அச்சடித்த கவிதை வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கவைத்தார். ராகேல் 1909இல் ரஷ்யாவிலிருந்து வந்தவர். ரெஹோவோத்தில் மழலையர் பள்ளிக் குழந்தைகள் பேசுவதைக் கேட்டே ஹீப்ரு கற்றார். பிறகு காசநோய் வந்து 40 வயதில் இறந்தார். "நாலு பேரும் வெளியிலிருந்து வந்தவர்கள், உன்னைப் போல" என்றார் சவ்தா. அதே வாரம் ரமத் கான் மகள் போனில் பேசினார். அவரிடம் இதைச் சொன்னேன். "நாலு பேரில் ஒருத்தர்கூட எங்கள் பக்கத்துக்காரர் இல்லை, கவனித்தாயா?" என்றார். இரண்டும் உண்மைதான்.

அந்த மகள் இன்றும் எனக்கு அம்பா பாட்டில் அனுப்புகிறார். சவ்தாவுக்கு வாசனை பிடிக்காது, பால்கனியில் வைத்துத்தான் சாப்பிடுவேன். இப்போது எழுந்துவிட்டார், கூப்பிடுகிறார். நீ வந்து பெட்டியை இறக்கி வைத்ததும், உன் வீட்டுச் சுவரில் யார் படம் இருக்கிறது என்று எனக்கு எழுது. அதற்குமுன் அவர்களிடம் எந்தப் பெயரும் சொல்லாதே.