புதிய ஆன்டிபயாடிக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

"பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்கள் மண்ணிலேயே ஏராளம் என்கிறார்கள். பிறகு ஏன் புது ஆன்டிபயாடிக் வருவதில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொல்வது பெரிய விஷயமே இல்லை. பினாயிலும் கொல்லும். நம் உடம்பைக் கெடுக்காமல் கொல்வதுதான் கடினம்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மண்ணிலிருந்து ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியாக்களைப் பிரித்தெடுப்பதுதான் என் வேலை. அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் சுண்ணாம்புப் பொடி தூவியது போல வளரும். மூடியைத் திறந்தால் மழை பெய்த மண்வாசனை. அதன் சாற்றில் தோய்த்த காகித வில்லையை ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமி பரப்பிய தட்டில் வைத்தால், சாற்றில் சரக்கு இருந்தால் மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தெரியும். ஒருமுறை வந்த வட்டம் அத்தனை பெரியது, அன்றிரவு தூக்கமே வரவில்லை. சாறு நல்ல ஆரஞ்சு நிறம். மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 1255 சொச்சம் காட்டியது. நிறத்தையும் எண்ணையும் பார்த்த என் வழிகாட்டி சிரித்துவிட்டார். ஆக்டினோமைசின்! வாக்ஸ்மன், வுட்ரஃப் என்ற விஞ்ஞானிகள் 1940-லேயே கண்டுபிடித்தது. அது நம் செல்களின் டிஎன்ஏவையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் புற்றுநோய்க்குத்தான் கொடுக்கிறார்கள்.

தோண்டினால் பழையதே திரும்பத் திரும்பக் கிடைக்கும். மண் பாக்டீரியாக்களில் சுமார் 99% தட்டில் வளர்வதே இல்லை; வளர்கிற சொற்பத்தை 1940களிலிருந்து 60கள் வரை சலித்து எடுத்துவிட்டார்கள். வளராததை மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் ஐசிப் என்ற சிறு கருவி மூலம் கிடைத்ததுதான் 2015-இல் வெளியான டெய்க்ஸோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக். அருமையான மூலக்கூறு. ஆனால் வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் வகை பாக்டீரியாவிடம்தான் அதன் வேலை செல்லுபடியாகும்.

கிராம் நெகட்டிவ் கிருமிகள்தான் உண்மையான தலைவலி. கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு. அதைத் தாண்டி மருந்து நுழைந்தாலும் பம்ப் வைத்து வெளியே தள்ளிவிடும். 2024-இல் பேசப்பட்ட ஸோசுராபால்பின் என்ற மருந்து அந்த வெளிச்சவ்வுக்கான சரக்கு போகும் வழியையே அடைக்கிறது. எனக்குப் பிடித்த உத்தி அது. ஆனாலும் அசினிட்டோபாக்டர் என்ற ஒரே இனத்துக்குத்தான்.

அப்புறம் பணம். புது மருந்தை டாக்டர்கள் கடைசி ஆயுதமாகப் பத்திரப்படுத்துவார்கள், அதுதான் சரியும்கூட. ஆனால் விற்பனை எங்கிருந்து வரும்? அகேயோஜன் நிறுவனத்தின் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2019-இல் நிறுவனம் திவால்.