கண்ணைத் தொட்டா ஆளே மாறிடுவாங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், ஏஐ எடிட்டிங் ஆப்ல கண்ணுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு, தட்டுனா கண்ணு செம்ம ஷார்ப்பா பளிச்னு ஆயிடுது. ஆனா போட்டோவுல இருக்கறவங்களே பார்த்துட்டு "இது நான் மாதிரியே இல்லையே"ங்கறாங்க. எங்க தப்பாகுது?

பதில்: பெரும்பாலும் கண்ணு வெள்ளையிலதாங்க தப்பாகுது. நாம வெள்ளைன்னு சொல்றோமே தவிர அது வெள்ளையே கிடையாது. மேல் இமையோட நிழல் அது மேல விழும், மூக்குப் பக்கம் லேசா சிவப்பா இருக்கும், பொடிப்பொடியா நரம்பு ஓடும், கண்ணு உருண்டையா இருக்கறதால ரெண்டு ஓரமும் கொஞ்சம் இருட்டிக்கிட்டுதான் போகும். ஆப் இதையெல்லாம் அழுக்குன்னு நினைச்சு தொடைச்சு எடுத்துடுது, அப்புறம் காகிதத்துல வெட்டி ஒட்டுன கண்ணு மாதிரி தட்டையா முழிச்சுக்கிட்டு நிக்கும்.

அந்தப் பட்டனை விட்டுடுங்க. லைட்ரூம்ங்கற அடோபி எடிட்டிங் ஆப்ல 2022 அக்டோபர்ல பீப்பிள் மாஸ்க்னு ஒண்ணு வந்துச்சு, அதுல கண்ணு வெள்ளை தனியா, கருவிழியும் நடுவுல இருக்கற கண் பாப்பாவும் சேர்த்து தனியா, புருவம் தனியான்னு ஏஐயே பிரிச்சு செலக்ட் பண்ணிக் குடுத்துடும். ஏஐகிட்ட வாங்க வேண்டிய வேலை இதுதான்னு சொல்லுவேன், செலக்ட் பண்ற தலைவலி அதுக்கு, எவ்வளவு ஏத்தறதுங்கற முடிவு உங்களுக்கு. வெள்ளைக்கு சாச்சுரேஷனை, அதாவது நிறத்தோட அடர்த்தியை, கொஞ்சம் இறக்குங்க, வெளிச்சத்தைக் கூட்டற எக்ஸ்போஷர் ஸ்லைடரை கால் ஸ்டாப் (0.25) ஏத்துனாலே தாராளம். கருவிழியில ஒரு சூட்சுமம் இருக்கு. லைட் மேல இடது பக்கத்துல இருந்து வந்தா கேட்ச்லைட், அதாவது அந்த மினுக்குப் புள்ளி, மேல இடதுல விழும், ஆனா கருவிழியோட நிறம் நல்லா தெரியறது அதுக்கு நேர் எதிர்ல, கீழ வலதுல. அந்தக் கீழ் பாதியை மட்டும் லேசா தூக்குங்க, முழு வட்டத்தையும் தூக்குனா டார்ச் அடிக்கற கண்ணாயிடும். பாப்பாவைத் தொடவே தொடாதீங்க, அது கருப்பா இருந்தாதான் பார்வையில ஒரு ஆழம் வரும். இதெல்லாம் 200 பர்சன்ட் ஜூம்ல உக்காந்து பண்ணிட்டு திருப்தியா சேவ் பண்றவங்கதான் அதிகம், ஜூமை வெளிய இழுத்து முழு முகத்தோட பாருங்க, கண்ணு மட்டும் முன்னாடி வந்து நின்னா அந்த மாஸ்க்கோட அமௌன்ட் ஸ்லைடரைப் பாதியா குறைங்க.

கேள்வி: குரூப் போட்டோவுல ஒருத்தர் மட்டும் கண்ணை மூடிட்டார். ஏஐயை வெச்சு திறக்கலாமா?

பதில்: திறக்கலாம், ஆனா யார் கண்ணைத் திறக்கறோம்ங்கறதுதான் விஷயம். போட்டோஷாப்ல, கேட்டதை ஏஐயே வரைஞ்சு குடுக்கற ஜெனரேட்டிவ் ஃபில்ல போய் மூடின இமையை செலக்ட் பண்ணி "திறந்த கண்" வேணும்னு கேட்டா அழகான கண்ணு ஒண்ணு வரும், அது அவரோடது இல்ல. இமைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதே இடத்துல எடுத்த இன்னொரு ஷாட்ல அவர் கண்ணு திறந்திருந்தா அதை எடுத்து வைங்க. 2023ல கூகுளோட பிக்சல் 8 போன்ல வந்த பெஸ்ட் டேக் பண்றது இதேதான், அடுத்தடுத்து எடுத்த ஷாட்ல இருந்து அவரவர் முகத்தையே மாத்தி வைக்குது. போட்டோஷாப் எலிமெண்ட்ஸ்ல 2018 வெர்ஷன்லயே மூடின கண்ணைத் திறக்கற வசதி இருக்கு, அதுவும் இன்னொரு போட்டோவுல இருந்துதான் கண்ணை எடுக்கும். அதனால குரூப்னா நாலஞ்சு ஷாட் பர்ஸ்ட்ல, அதாவது விடாம அடுத்தடுத்து, தட்டி வெச்சுக்குங்க.

கேள்வி: அப்பா தவறிட்டார். அவரோட பழைய போட்டோ ஒண்ணுதான் இருக்கு, முகம் ரொம்ப சின்னது, மங்கலா இருக்கு. ஏஐ ஆப்ல போட்டா கண்ணு இமை முடி வரைக்கும் தெளிவா வருது, ஆனா அம்மா "இது அவர் கண்ணு இல்லடா"ன்னு சொல்லிட்டாங்க. வேற ஆப் சொல்லுங்க சார்.

பதில்: அம்மா சொல்றதுதான் சரி. வேற ஆப் போனாலும் இதே கதைதான், ஏன்னா சின்ன முகத்துல கண்ணுக்குன்னு இருக்கறதே அஞ்சாறு பிக்சல், அதுக்குள்ள இமை முடியெல்லாம் ஒளிஞ்சிருக்க வழியே இல்ல. முகம் தெளிவாக்கற ஆப் பலதுக்குள்ள ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர் மாதிரி ஏஐ மாடல்தான் ஓடுது. இந்த ரெண்டையும் பழக்குனது எஃப்எஃப்ஹெச்க்யூங்கற தொகுப்பை வெச்சு, ஃப்ளிக்கர்ல இருந்து எடுத்த 70,000 முகம் அதுல இருக்கு. உங்க அப்பா கண்ணு இருக்கற இடத்துல "இந்த மாதிரி முகத்துக்கு இந்த மாதிரி கண்ணு பொருந்தும்"னு அது ஊகிச்சு வரைஞ்சு வைக்குது, அந்த ஊகத்துல உங்க அப்பா எங்கயுமே இல்ல.

அதுக்காக விட்டுட வேண்டாம். முதல்ல மொபைல்ல எடுத்த காப்பியை வெச்சு வேலை பார்க்காதீங்க, பிரிண்டை நல்ல ஸ்கேனர்ல 600 டிபிஐக்கு (ஒரு இன்ச்சுக்கு இத்தனை புள்ளிங்கற கணக்கு) குறையாம ஸ்கேன் பண்ணுங்க, நெகட்டிவ் கிடைச்சா இன்னும் விசேஷம். கோட்ஃபார்மர்ல ஃபிடிலிட்டின்னு 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு அளவு இருக்கு, 1 பக்கம் தள்ளுனா ஒரிஜினலை ஒட்டியே போகும், 0 பக்கம் போனா பளபளன்னு வேற ஆள். 1 பக்கமே வெச்சு எடுத்து, அதை ஒரிஜினலுக்கு மேல லேயரா போட்டு, ஒபாசிட்டியை, அதாவது மேல் லேயர் எவ்வளவு தெரியணும்ங்கற அளவை, 30, 40 பர்சன்ட்ல நிறுத்துங்க. கண்ணு இருக்கற இடத்துல மட்டும் மாஸ்க் போட்டு இன்னும் குறைச்சுடுங்க. கன்னம், நெத்தி, சட்டையை ஏஐ கொஞ்சம் தெளிவாக்குனா யாருக்கும் உறுத்தாது, கண்ணு மங்கலா இருந்தாலும் பரவால்ல, அது அவரோடது. ஒவ்வொரு மாத்தத்துக்கும் அம்மாகிட்ட காட்டிட்டு அடுத்ததுக்குப் போங்க, அவங்களை விட நல்ல டெஸ்ட் எந்த ஆப்லயும் கிடையாது.

கேள்வி: பாஸ்போர்ட் போட்டோவுல கண்ணுக்குக் கீழ கருவளையம், ஏஐல எடுத்துடலாமா?

பதில்: வேண்டாம். அது உங்களை அடையாளம் பார்க்கற போட்டோ. நல்ல வெளிச்சத்துல மறுபடி எடுங்க.

கேள்வி: ஃப்ளாஷ்ல எடுத்த குழந்தை போட்டோவுல ஒரு கண்ணு சிவப்பா இருக்கு, இன்னொண்ணு வெள்ளையா மின்னுது. ரெட் ஐ டூல் சிவப்பை எடுத்துடுச்சு, வெள்ளை போக மாட்டேங்குது. எப்படி ரீடச் பண்றது?

பதில்: தயவுசெஞ்சு ரீடச் பண்ணாதீங்க, அந்த ஒரிஜினலை அப்படியே வெச்சு குழந்தையைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க. சிவப்பு சகஜம், லென்ஸுக்குப் பக்கத்துல இருக்கற ஃப்ளாஷ் வெளிச்சம் விரிஞ்ச கண் பாப்பா வழியா உள்ள போய் ரத்தம் ஓடற விழித்திரையில பட்டு திரும்பி வர்றதுதான் அது. ஒரு கண்ணுல மட்டும் வெள்ளை தெரிஞ்சா வெறும் கோணத்தாலயும் இருக்கலாம், குழந்தை கொஞ்சம் ஓரமா பார்த்தா அப்படி வரும். ஆனா கண்புரையாவும் இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமாங்கற கண் புற்றுநோயாவும் இருக்கலாம், அது பெரும்பாலும் 5 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு வர்றது, சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லா குணப்படுத்தலாம். வேற போட்டோவுலயும் அதே கண்ணு வெள்ளையா தெரியுதான்னு தேடிப் பார்த்து, இருந்தா அதையும் எடுத்துட்டுப் போய் காட்டுங்க. இப்பல்லாம் சில ஆப் கேக்காமலே கண்ணைத் திருத்திடுது, குழந்தைங்க போட்டோவுக்கு அந்த ஆட்டோ செட்டிங்கை ஆஃப் பண்ணி வைக்கறது நல்லது.

கேள்வி: மூக்குக் கண்ணாடியில விழுந்த கிளேரை, அந்த வெளிச்சத் திட்டை, ஏஐ எடுக்குமா?

பதில்: ஓரமா லேசா விழுந்திருந்தா எடுக்கும். கண்ணையே மறைச்சிருந்தா மேல சொன்ன கதைதான், புதுக் கண்ணு வரைஞ்சுடும், பத்தாததுக்கு ஃபிரேமையும் கோணலாக்கி வைக்கும். எடுக்கும்போதே லைட்டை உசத்துங்க, கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல துளி தூக்கி விடுங்க, கிளேர் கீழ இறங்கிடும்.

கேள்வி: கண்ணைப் பார்த்தே ஏஐ போட்டோவைக் கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: ஓரளவுக்கு. ரெண்டு கண்ணும் ஒரே லைட்டைத்தான் பார்க்குது, அதனால கேட்ச்லைட் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே வடிவத்துல, ஒரே இடத்துல இருக்கணும். 2024ல இங்கிலாந்துல ஹல் யுனிவர்சிட்டி ஆளுங்க, கேலக்ஸியில வெளிச்சம் எப்படிப் பரவியிருக்குன்னு அளக்கற கணக்கை எடுத்து ரெண்டு கண்ணுலயும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தாங்க, வானியல்காரங்க மூளை எங்கெல்லாம் போகுது பாருங்க. ஆனா அவங்களே இதுல தப்பும் வரும்னு சொல்லிட்டாங்க. நிஜ போட்டோவுலயே ஒரு கண்ணுக்குப் பக்கத்துல ஜன்னல் இருந்தா ரெண்டும் வேற வேறயாதான் தெரியும், அதனால இதை மட்டும் வெச்சு யாரையும் மாட்டி விட்டுடாதீங்க.