அட்டை தயார், அட்டவணை காலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். உயிரியல் புராஜெக்ட்டுக்காக மூன்று வகை வெளிச்சத்தில் பாசிப்பயறு வளர்த்தேன். வகைக்கு ஆறு வீதம் 18 தொட்டிகள். நான்கு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் உயரம் அளந்தேன். விதை போட்டது, தண்ணீர் ஊற்றியது, படம் எடுத்தது எல்லாம் ஆசையாகத்தான் செய்தேன். ஆனால் நோட்டில் உள்ள அளவுகளைக் கணினியில் ஏற்றுவது, வரைபடம், படக்குறிப்பு, மேற்கோள் பட்டியல், பொருளடக்கம் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. தினமும் உட்காருகிறேன். முகப்பு அட்டையை மாற்றி மாற்றி வடிவமைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். நடுவில் இரண்டு நாள் அளக்க விட்டுப்போனது வேறு. சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருக்கிறது. நான் சோம்பேறியா?

க.

அன்புள்ள க.,

நான்கு வாரம் விடாமல் 18 தொட்டிகளைக் கவனித்தவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ‘நடுவில் இரண்டு நாள் அளக்க விட்டுப்போனது வேறு’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சலிப்பான வேலை என்று நாம் தள்ளிப்போடுவதில் பாதி, இன்னும் முடிவெடுக்காத வேலை. கோப்பைத் திறந்தால் அந்த இரண்டு வரிசையும் காலியாக நிற்கும். ஊகித்து நிரப்பலாமா, பூஜ்யம் போடலாமா, கேட்டால் என்ன சொல்வது? விடை தெரியாததால் கோப்பையே திறப்பதில்லை. முகப்பு அட்டை இப்படி எதுவும் கேட்காது, அதனால் கை அங்கே போகிறது.

முதலில் அதைத் தீர்த்துவிடுவோம். அந்த இரு தேதிகளையும் எழுதி, கட்டங்களைக் காலியாக விடுங்கள். கடைசியில் குறிப்புக்கு ஒரு நெடுவரிசை வைத்து ‘அளக்கவில்லை’ என்று போடுங்கள். செய்முறைப் பகுதியில் ‘14 அளவீடுகளில் 2 விடுபட்டன’ என்று ஒரே வரி போதும். ஊகித்து எழுதிய எண்ணை யாராவது துருவிக் கேட்டால் மற்ற எண்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். காலிக் கட்டத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

பூஜ்யம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறு தொட்டியில் ஒன்று விடுபட்டு, மற்றவை 12, 14, 13, 15, 11 செ.மீ. என்று வையுங்கள். சராசரி 13. விடுபட்ட இடத்தில் பூஜ்யம் போட்டால் 10.8 ஆகிவிடும். எக்செல் போன்ற மென்பொருளில் சராசரிக்கான கட்டளை காலிக் கட்டத்தைத் தாண்டிப் போகும், பூஜ்யத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். வரைபடத்திலும் செடி ஒருநாள் மண்ணுக்குள் போய்த் திரும்பியதுபோல் கோடு சரியும். இடைவெளி உள்ள இடத்தில் புள்ளிக்கோடு போடுங்கள், அல்லது கோட்டை விட்டுவிடுங்கள்.

இனி வேலை எவ்வளவு என்று பார்ப்போம். 12 நாள், 18 தொட்டி, மொத்தம் 216 எண்கள். எண்ணுக்கு 5 நொடி என்றால் 18 நிமிடம். சரிபார்ப்பையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம். இதற்காகவா இத்தனை நாள் அட்டையை மாற்றினீர்கள்!

நோட்டில் எந்த வரிசையில் எழுதினீர்களோ அதே வரிசையில் ஏற்றுங்கள், ஏற்றும்போதே மாற்றி அடுக்க வேண்டாம். மேல் வரிசையையும் இடது நெடுவரிசையையும் ஃப்ரீஸ் செய்துவிட்டால் (திரையை உருட்டினாலும் அவை நகராமல் நிற்கும்), எந்தத் தொட்டி, எந்தத் தேதி என்று தடுமாற மாட்டீர்கள். அலகைத் தலைப்பில் ஒருமுறை போடுங்கள். கட்டத்துக்குள் ‘12.5 செ.மீ.’ என்று தட்டினால் மென்பொருள் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கணக்கில் சேர்க்காது. வழக்கமாக வரும் பிழைகள் இரண்டு: 12.5 என்பது 125 ஆவது, அல்லது இலக்கம் இடம் மாறி 15.2 ஆவது. கண்ணால் தேடாதீர்கள். ஒவ்வொரு அளவிலிருந்தும் முந்தைய அளவைக் கழித்து ஒரு தனி அட்டவணை போடுங்கள். கழித்தல் குறி வந்த இடத்தையும், திடீரென்று பெரிதாகத் தாவிய இடத்தையும் மட்டும் நோட்டோடு ஒப்பிட்டால் போதும். செடி வாடிச் சாய்ந்திருந்தாலும் உயரம் குறையும், அதைத் திருத்தாமல் குறிப்பில் எழுதுங்கள்.

அட்டவணை முடிந்தால் வரைபடம் சில நிமிட வேலை. 18 கோடுகளை ஒரே படத்தில் திணிக்காமல், வகைக்கு ஒரு சராசரிக் கோடாக மூன்று போடுங்கள்.

உண்மையிலேயே நேரம் தின்பது மேற்கோள் பட்டியல். படித்தபோதே குறித்திருந்தால் ஒன்றுக்கு அரை நிமிடம். இப்போது தேடித்தான் ஆக வேண்டும். உலாவியின் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். குரோம் என்றால் 90 நாள் வரை இருக்கும், நீங்களே அழித்திருந்தால் தவிர. ஒவ்வொன்றுக்கும் எழுதியவர், தலைப்பு, தளம், ஆண்டு, முகவரி, பார்த்த தேதி. அறிக்கையில் இருக்கும் ஒரு கூற்றுக்கு எவ்வளவு தேடியும் மூலம் கிடைக்கவில்லையா? கூற்றையே எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைவது வீண்.

எடுத்த படங்கள் அத்தனைக்கும் குறிப்பு எழுதப்போகிறேன் என்று நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். முதலில் எட்டுப் படங்களைத் தேர்ந்தெடுங்கள், அவற்றுக்கு மட்டும் எழுதுங்கள். எடுத்த தேதி மூலக் கோப்பிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதில் அது அழிந்துவிடும், ஆகவே மூலத்தையே பாருங்கள்.

ஒன்பது நாளை முழுதாக நம்ப வேண்டாம். 1994-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், முடிய 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே சொதப்பினால் எவ்வளவு என்று கேட்டபோது சொன்ன கணக்கும் ஏறத்தாழ 49-ஐத் தாண்டவில்லை. உங்கள் நாட்காட்டியில் ஆறாம் நாளையே கடைசி நாளாகக் குறியுங்கள். இன்று அட்டவணை, நாளை வரைபடமும் முடிவுப் பகுதியும், அடுத்த இரண்டு நாள் மேற்கோள், பிறகு படங்கள்.

பொருளடக்கத்தைக் கையால் தட்ட வேண்டாம். வேர்டில் தலைப்புகளுக்கெல்லாம் ஹெடிங் ஸ்டைல் கொடுத்தால் அதுவே தயாரித்துத் தரும். பக்கங்கள் நகர்ந்தால் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும், தானாக மாறாது. புதுப்பித்த பிறகு பிடிஎஃப் ஆக்கி அதையே அச்சுக்குக் கொடுங்கள். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால், அந்தக் கணினியில் உங்கள் தமிழ் ஃபான்ட் இல்லாதபோது வரிகள் நகர்ந்து பக்க எண்கள் மீண்டும் தப்பாகிவிடும்.