பின்னறைக்கு நாங்களே ரைல் பதிக்கலாமா? ஸ்காபரோத் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, இணுவிலில் இருந்து வந்து கொஞ்சக் காலத்திலேயே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். முன்பு இருந்தவர்கள் பின்பக்கம் நீட்டிக் கட்டிய அறையில் கம்பளத்தைக் கழற்றிவிட்டு ரைல் (தரை ஓடு) பதிக்க வேண்டும், ஆள் பிடித்தால் கூலி கட்டுப்படியாகாது, நானும் அவரும் ஒரு சனி ஞாயிறில் செய்து முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஊரில் மேசன் வேலை செய்த அப்பா, "இரண்டு அங்குலத்துக்குச் சாந்து போட்டு மட்டம் பார்த்துப் பதியுங்கோ" என்று தொலைபேசியில் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நீங்களே செய்யலாம். சனி ஞாயிறில் முடியாது. அப்பா சொன்ன முறையும் உங்கள் அறைக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

அப்பா சொன்னது யாழ்ப்பாணத்து வீட்டுக்குச் சரி. அங்கே நிலத்துக்குக் கீழே மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து, கொங்கிறீற் போட்டிருப்பார்கள். அது வளையாது. இங்கே அநேக வீடுகளில் நீங்கள் நடப்பது மரச் சட்டங்களின் மேல் அடித்த பலகையில். மாரியில் ஹீற்றர் காற்றைக் காய வைக்க மரம் சுருங்கும், ஆடி ஆவணி ஈரத்தில் ஊதும், நடக்கும்போது கொஞ்சம் வளையும். ரைலோ வளையத் தெரியாத பொருள். கீழே மரம் அசைந்தால் முதலில் ரைல்களுக்கு நடுவே நிரப்பும் இடைவெளிப் பூச்சு வெடிக்கும், பிறகு ரைலே வெடிக்கும். இரண்டு அங்குலச் சாந்து ஒரு சதுர அடிக்கு 20 இறாத்தலுக்கு மேல் பாரம். அந்தப் பாரத்தை நினைத்துக் கட்டாத சட்டங்களின் மேல் அதைக் கொட்ட வேண்டாம்.

அதனால் ரைல் கடைக்குப் போக முதல், அறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேஸ்மென்ற்றில் இருந்தோ, தவழ்ந்து போகும் இடைவெளியில் இருந்தோ பார்க்கலாம். சட்டத்தின் உயரம், தடிப்பு, இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள தூரம், தாங்கல் இல்லாமல் ஓடும் நீளம், இவ்வளவையும் அளந்து எழுதுங்கள். சாதாரண ரைலுக்கு, நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் நிலம் வளையக் கூடாது என்பது கணக்கு. 12 அடிச் சட்டம் என்றால் 0.4 அங்குலம். மாபிள் போன்ற இயற்கைக் கல் என்றால் அதிலும் பாதிதான். போதாவிட்டால் கீழே ஒரு தாங்கல் கொடுக்கலாம், சட்டங்களை இரட்டிக்கலாம். அந்த ஒரு வேலைக்கு மட்டும் விஷயம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கம்பளத்துக்கு அடியில் பழைய வைனல் சதுரங்கள் இருந்தால் கை வைக்காதீர்கள். 1990க்கு முந்திய வீடுகளில் அவற்றிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் (மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கக்கூடும். ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகுதான் மற்ற வேலை. சுரண்டுவதும் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

நீட்டிக் கட்டிய அறைக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய வீட்டுக்கு ஒரு அத்திவாரம், புது அறைக்கு வேறொன்று. ரொறன்ரோவில் உறைபனி மண்ணைத் தூக்கும் என்பதால் அத்திவாரத்தை 4 அடி ஆழத்துக்கு இறக்குவார்கள். அப்படிச் செய்தாலும் இரண்டும் ஒன்றாக அசையும் என்று நம்ப முடியாது. குசினியில் இருந்து பின்னறை வரை ஒரே வரிசையாக ரைல் ஓடினால் பார்க்க வடிவுதான். ஆனால் இரண்டு கட்டடமும் சந்திக்கும் கோட்டில் ஒரு ரைல் குறுக்கே கிடந்தால் அது வெடிக்கும். அந்தக் கோட்டுக்கு நேர் மேலே ரைலை நிறுத்தி, சிலிக்கன் அல்லது அதற்கென்றே விற்கும் உலோகப் பட்டியால் இடைவெளியை மூடுங்கள். சுவரோரமும் கால் அங்குலம் விட வேண்டும். அதைப் பூசி அடைக்காதீர்கள், சுவரடிப் பலகை மறைத்துவிடும். மூன்று பக்கமும் யன்னல் என்று சொன்னீர்களே, நேர் வெயில் விழும் நிலத்தில் 8 முதல் 12 அடிக்கு ஒரு இளகிய இணைப்பு (பூச்சுக்குப் பதில் சிலிக்கன் நிரப்பிய இடைவெளி) வேண்டும்.

பலகைக்கும் ரைலுக்கும் நடுவே சீமெந்துப் பலகையோ, டிற்றா என்ற பெயரில் விற்பது போன்ற செம்மஞ்சள் பிளாஸ்ரிக் விரிப்போ போடுங்கள். நான் விரிப்பைத்தான் சொல்வேன். மரத்தின் அசைவை ரைலுக்குக் கடத்தாது, தடிப்பும் குறைவு. எல்லாத் தடிப்பையும் கூட்டிப் பார்த்து, குசினி நிலத்தோடு மட்டம் வருகிறதா, பின்கதவு திறக்குமா என்று முதலே பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாசலில் அரை அங்குல மேடும் கால் தடக்கும்.

இப்போது எல்லோரும் பெரிய ரைல்தான் கேட்கிறார்கள். முதல் தடவை செய்பவருக்கு 12க்கு 12 அங்குலம் போதும். 15 அங்குலத்துக்கு மேல் ஒரு பக்கம் நீண்டால், 10 அடிக்கு அரைக்கால் அங்குலத்துக்கு மேல் நிலம் மேடு பள்ளம் இருக்கக் கூடாது. சின்னது என்றால் கால் அங்குலம் வரை தாங்கும். மினுக்கமானதை விட்டுவிடுங்கள், பனி ஒட்டிய சப்பாத்தோடு பின்கதவால் வரும்போது வழுக்கும். 10 வீதம் கூடுதலாக, ஒரே தொகுதி இலக்கத்தில் வாங்குங்கள்.

அப்பாவின் கைத்திறன் உங்களுக்கு உதவப்போவது கோடு போடும்போது. அறை சதுரமாக இராது. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்தால் குறுக்கே 5 அடி வரும் கணக்கில் மூலைமட்டம் பிடிப்பதை வீடியோவில் அவரே காட்டட்டும். ஒட்டாமல் அடுக்கி, எந்தச் சுவரோரம் ஒல்லித் துண்டு வரும் என்று பார்த்து, அவர் சொன்னபடி மாற்றுங்கள். இதில் நானும் அவரைத்தான் கேட்பேன்.

ஒட்டுவதற்குச் சீமெந்துப் பால் வேண்டாம். விரிப்பின் பையில் எழுதியிருக்கும் வகைத் தின்செற்றை (மெல்லிதாகப் பூசும் ஒட்டுச் சாந்து), ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் அளவு மட்டும் குழையுங்கள். பல்லுள்ள சாந்தகப்பையால் ஒரே திசையில் இழுத்து, இடைக்கிடை ஒரு ரைலைக் கிளப்பி அடியைப் பாருங்கள். 80 வீதமாவது பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்த பிறகே இடைவெளிப் பூச்சு. வெட்டும் இயந்திரத்தை, அளவெல்லாம் குறித்து முடித்த பிறகு வாடகைக்கு எடுங்கள். தண்ணீர் விட்டு, வெளியில் வைத்து, முகமூடி போட்டு வெட்டுங்கள்.

அறைக்கு ஹீற்றர் இல்லை என்றால் வைகாசிக்கு முன் தொடங்க வேண்டாம். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒட்டுச் சாந்து ஒழுங்காக இறுகாது. நிலத்துக்குள் சூடாக்கும் கம்பி போடுவது என்றால் ஒன்ராறியோவில் மின்சார வேலைக்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். சும்மா ரைல் மட்டும் என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

முதலில் கீழே போய்ச் சட்டங்களை அளந்து, ஒரு படத்தோடு அனுப்புங்கள். அது தெரிந்தால்தான் விரிப்போடு நிற்கலாமா, மேலே இன்னொரு பலகை அடிக்க வேண்டுமா என்று சொல்லலாம்.