மக்களாட்சியில் ஒவ்வொருவரின் வருமானமும் சொத்தும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டுமா?

எல்லோருடையதும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் இப்படி ஒரு கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. என் அம்மாவின் வருமானம் பல வருடங்கள் ஊர் பார்க்கத்தான் கிடந்தது.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர். அப்போது அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தட்டிக்கொண்டே போனால் எங்கள் ஊர் வரும். வேலை அட்டை எண்ணைத் தொட்டால் அம்மாவின் பெயர், எந்த வாரம் எத்தனை நாள், எவ்வளவு கூலி, எல்லாம் வரும். கடவுச்சொல் எதுவும் கேட்காது. ஒருநாள் தெருமுனை மளிகைக்கடைக்காரர் மகன் போனைப் பார்த்துவிட்டு, "அத்தை, ஆறு நாள் கூலி ஏறிடுச்சு போலயே... அந்தப் பழைய பாக்கி?" என்றான். பணம் வந்ததே அம்மாவுக்கு அவன் சொல்லித்தான் தெரியும். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "என் மடியில என்ன இருக்குன்னு எனக்கு முன்னாடி ஊருக்குத் தெரியுது" என்றார். 'மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்' என்று பழமொழி சொல்கிறவர்கள் அம்மாவிடம் வந்து பேசிப் பார்க்கலாம்.

அதற்காக அந்தப் பட்டியலை மூடச் சொல்லமாட்டேன். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, ஊரில் அரசு செய்த வேலைகளின் கணக்கை ஊர் நடுவில் வைத்து வாசித்துக் காட்டியது. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்ததற்கு அப்படிப்பட்ட கூட்டங்கள் பெரிய காரணம். எங்கள் ஊரிலும் நடந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த ஒருவர், அதே வாரம் எங்கள் ஏரியில் மண் வெட்டியதாக நாள் ஏறியிருந்தது. நான் போனில் பெயர்களை வாசிக்க வாசிக்க அம்மாதான் பிடித்தார். பிடித்த கையோடு கேட்டார்: "இதை எழுதுன ஆபீசரோட கணக்கு இதுல எங்கப்பா வரும்?"

வராது. ஓர் அரசு ஊழியரின் சொத்து விவரத்தையும் வருமான வரிக் கணக்கையும் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அவை தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால் ஒழியத் தரவேண்டியதில்லை என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சிகளுக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாமல் பணம் போன தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் தொடங்கி, 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும்வரை ஓடியது. தேர்தல் வேட்பாளர்கள்தான் கொஞ்சம் மாட்டிக்கொண்டவர்கள். அதே நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு கணவன் மனைவி நகை எத்தனை கிராம் என்பதுவரை பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அதிலும் கார் இல்லை என்று எழுதுகிற கோடீஸ்வரர்களைப் பார்த்து நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

எனக்குப் படுவது இதுதான். பொதுப்பணத்தின் மீது ஒருவர் கை எவ்வளவு நீளுமோ அவ்வளவுக்கு அவர் கணக்கு வெளியில் இருக்கட்டும். கையெழுத்துப் போடுகிறவர் கணக்கு பீரோவிலும், கைநாட்டு வைக்கிறவர் கணக்கு இணையத்திலும் இருப்பது தலைகீழ். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மாதச் சம்பளக்காரர், கடை வைத்திருப்பவர் கணக்கெல்லாம் வரித்துறைக்குத் தெரிந்தால் போதும். பக்கத்து வீட்டுக்கு எதற்கு?

உடனே நார்வேயைக் காட்டுவார்கள். அங்கே எல்லோருடைய வருமானமும் சொத்தும் கட்டிய வரியும் பொதுப்பட்டியலில் உண்டு, உண்மைதான். 2001இல் அது இணையத்துக்கு வந்ததும் கூட வேலை செய்பவர், பழைய வகுப்புத் தோழர் என்று ஆளாளுக்குத் தேடித் தள்ளினார்கள். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டியலை அல்ல, 2014இல் கொண்டுவந்த ஒரு சின்ன மாற்றத்தை. யார் உங்கள் கணக்கைப் பார்த்தார்கள் என்பதை அன்றுமுதல் நீங்களும் பார்க்கலாம். தேடல்கள் மளமளவென்று குறைந்துவிட்டன.

அந்த வசதி இங்கே இருந்திருந்தால் கடைக்காரர் மகன் அம்மாவின் பெயரைத் தட்டியிருப்பானா என்று யோசிக்கிறேன். தட்டியிருந்தாலும், பாக்கியைக் கொடுக்கப் போனபோது அம்மா அவனை ஒரு வார்த்தை கேட்காமல் வந்திருக்கமாட்டார்.